அம்மா சொல், டாக்டர் சொல், கடை சொல்

எங்கள் மாடியில் எல்லோரும் அவரை ரஷ்யாக்காரி என்றுதான் சொன்னார்கள். அவர் ரஷ்யாவைச் சேர்ந்தவர் இல்லை, பெலாரஸ். எங்கள் கட்டடத்துக் காவலாளியை இங்கே வளைகுடாவில் நாத்தூர் என்பார்கள். அந்த நாத்தூர் இவரை லிஃப்ட் அருகே பார்க்கும்போதெல்லாம் "ரூசி மேடம்" என்று சலாம் வைப்பார். இவரும் ஒவ்வொரு தடவையும் நின்று, "மாஃபி ரூசி. பெலாரஸ்" என்று திருத்திவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவார். இரண்டு வருடம் இப்படியே நடந்தது. நாத்தூரும் மாறவில்லை, அவரும் விடவில்லை. நானாக இருந்தால் மூன்றாம் நாளே ரஷ்யாக்காரியாக மாறியிருப்பேன்.

எங்கள் வீடு 404, அவருடையது 403. முவைலாவில் பள்ளிக்கூடங்களுக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் ஓர் ஆறு மாடிக் கட்டடம். அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். மணப்பெண் கவுன் தைக்கும் கடையில் மணி கோர்த்துத் தைக்கிற வேலை. மதியத்துக்கு மேல்தான் டூட்டி, அதனால் காலை நேரம் முழுக்க வீட்டில் இருப்பார். வலது ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. மூக்குக் கண்ணாடியைக் கடை மணிகளால் கோர்த்த கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வாசலில் ஒரு ஜோடி பச்சை ரப்பர் செருப்பு கிடந்தால் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

பெயரை முதல் நாளே சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நாள் மேடம் என்றேன். பிறகு அக்கா என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன். தன் ஊரில் தனக்கும் ஓர் அக்கா உண்டு என்றும், தான் யாருக்கும் அக்காவாக இருந்ததில்லை என்றும் சொல்லி, அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார்.

எங்களுக்குள் பொதுவான மொழி கிடையாது. அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், நடுவில் கடையில் கற்ற மாஃபியும் கலாஸும். மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது. இந்த ஊரில் வாழ அந்த இரண்டு சொல்லே போதும் என்று எனக்குச் சில நாள் தோன்றும். அவர் பேச்சை முழு வாக்கியமாக்கி எழுதினால் அவர் அதில் இருக்க மாட்டார். அதனால் உடைந்தபடியே எழுதுகிறேன்.

அறிமுகமான விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். என் கணவருக்குத் தொலைவில், ருவைஸில், சைட் வேலை. திங்கட்கிழமை விடியலில் கிளம்பினால் வெள்ளி மாலைதான் வீடு. அன்று புதன்கிழமை. முற்பகலில் பாப்பா தூங்கியதும் நான் குளியலறைக்குப் போய், அவள் விழித்தால் கேட்க வேண்டுமே என்று கதவைத் திறந்தே வைத்து, குழாயையும் திறந்துவிட்டு அழுதேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது என்பது மாதிரி ஏதோ ஒன்று. தண்ணீர் கொட்டினால் அழுகை வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் குளியலறைகளின் சின்ன ஜன்னல்கள் எல்லாம், மேல்மாடியிலிருந்து தரை வரை இறங்குகிற ஒரு இடைவெளியைப் பார்த்துத் திறக்கும். ஷாஃப்ட் என்பார்கள். குழாய்கள் மட்டும் இறங்குகிற இருட்டுக் கிணறு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. யார் வீட்டில் இன்று மீன் என்று மட்டும் தெரியும்.

அந்த ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. "ஆ... ஊ." கத்தலும் இல்லை, பாட்டும் இல்லை. தாழ்வாகத் தொடங்கி மேலே ஏறி அங்கேயே நின்றது. நான் குழாயை மூடினேன். மூச்சையும் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் அதே குரல். பிறகு ஆங்கிலத்தில் சொன்னது:

"நீயும் சொல்லு. ஆ-ஊ. சொன்னா கலாஸ், நான் போறேன்."

நான் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவள். அன்று குளியலறையில் நின்றுகொண்டு ஷாஃப்டைப் பார்த்து ஆ-ஊ என்றேன். அழுத மூக்கோடு சொன்னதால் ஆடு கத்தியது போல இருந்தது. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. பச்சை ரப்பர் செருப்பும், கையில் சிவப்பாக ஒரு கண்ணாடித் தம்ளருமாக அவர் நின்றிருந்தார்.

ஏன் அழுதாய் என்று அவர் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, எப்போதுமே கேட்கவில்லை. இதைக் குடி என்றார். குடித்தேன். நாக்கு சுருண்டு காது வரை கூசியது. நம் ஊர்ப் புளி தொண்டையில் இறங்கியதும் இளகிவிடும். இது இளகவே இல்லை. நான் முகம் சுளித்ததைத் திருப்தியோடு பார்த்துவிட்டு அந்த ஆ-ஊவுக்கு விளக்கம் சொன்னார்.

அவர் ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலம். பாசி மெத்தை மாதிரி மைல் கணக்கில் கிடக்கும், அடியில் தண்ணீர். அந்தப் பாசியின் மேல் நூல் போல ஓடும் கொடியில், கொண்டைக்கடலை அளவில் சிவப்புப் பழம். கடையில் கிரான்பெர்ரி என்று விற்கிறார்களே, அதனுடைய காட்டுச் சாதி. இலையுதிர் காலத்தில் ஊரே பறிக்கப் போகும். எல்லோரும் குனிந்தே இருப்பதால் புதருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், இல்லை என்று தெரியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் ஆ-ஊ என்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். பதில் வராத திசைக்குப் பறிப்பதை விட்டுவிட்டு எல்லோரும் ஓடுவார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணி வாக்கில் ஷாஃப்டில் அந்தக் குரல் வரும். நான் பதில் சொல்வேன். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. சில நாள் அந்த ஒரு பதிலோடு சாயங்காலம் வரை நான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். பாப்பாவோடு பேசியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் லீவில் ஊருக்குப் போய் வரும்போது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி இரண்டு பெரிய ஜாடி பழம் கொண்டு வருவார். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. கொதித்து ஆறிய வெறும் தண்ணீரில் போட்டால் போதும், குளிரில் வருடம் முழுக்கக் கெடாது. பழத்தின் புளிப்பே அதைக் காக்கிறது. ஊறுகாயை ஈரக் கரண்டி படாமல் காப்பாற்றும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. பானம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழத்தை மசித்துச் சாற்றைத் தனியாகப் பிழிந்து வைத்துவிடுவார். சக்கையை மட்டும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறிய பிறகுதான் பச்சைச் சாற்றைச் சேர்ப்பார். கடைசியில் தேன். சாற்றைக் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ரசம் கொதித்தால் நாம் பார்க்கும் அதே பார்வை பார்த்தார்.

பாப்பாவுக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா என்று கேட்டேன். தம்ளரைச் சட்டென்று தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தேன் இருக்கு, ஒரு வயசு வரைக்கும் மாஃபி, அப்புறமும் அவள் டாக்டரைக் கேள் என்றார். நான் எதிர்பார்த்த பதில் வேறு. அயலூர்க்காரி, கையில் காட்டுப் பழம், பார்த்தால் மருத்துவச்சி மாதிரி. இதைக் குடித்தால் அது தீரும் என்று யாராவது உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த நாட்கள் அவை.

அன்று மதியமே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு செல்போனில் தேடினேன். அந்தப் பழம் தீர்க்காத வியாதி இல்லை என்று போட்டிருந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுதுவது போல யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அவரிடம் மூன்றே பதில்தான் இருந்தன. டாக்டர் சொல், அம்மா சொல், கடை சொல்.

ஈறில் ரத்தம் கசிவது? அது டாக்டர் சொல், வைட்டமின் சி இருக்கிறது. ஆனால் ஆரஞ்சிலும் இருக்கிறது. காய்ச்சல்? அம்மா சொல். காய்ச்சலில் வாய் கசந்து தண்ணீர் இறங்காது, இந்தப் புளிப்பு இறங்கும், தண்ணீர் உள்ளே போனால் நல்லதுதானே. கொழுப்புக் கறியோடு சாப்பிட்டால் செரிக்கும் என்பதும் அம்மா சொல். பெண்களுக்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு? இதற்கு விரலை உயர்த்தினார்.

"கொஞ்சம் டாக்டர் சொல். திரும்பத் திரும்ப வர்ற பொம்பளைக்கு, இனி வராம இருக்க, உதவலாம். உதவாமலும் போகலாம். வந்த பிறகு, இது இல்லை. வந்த பிறகு மாத்திரை."

முகம் பளபளக்கும் என்று போட்டிருக்கிறதே என்றேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தை என் முகத்துக்கு அருகே கொண்டு வந்தார்.

"நாப்பது வருஷம் குடிக்கிறேன். நல்லா பாரு. கடை சொல்."

ஒரு சாயங்காலம் கீழே சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்து நின்றிருந்தோம். காய்ந்த கிரான்பெர்ரி பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழம் பருத்து, சர்க்கரையில் பளபளவென்று இருந்தது. இது தன் ஊர்ப் பழத்துக்கு அமெரிக்காவில் இருக்கும் பணக்காரப் பெரியம்மா மகள் என்றார். பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு இதயப் படம் போட்டிருந்தது. அதைத் தட்டிக் காட்டி, இதயத்தை யார் வரைந்தது, டாக்டரா என்று அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டார். அவன் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தான்.

அந்த நாளில்தான் எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயம்கூட வந்தது. எதையும் இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவரால் எப்படி நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று நினைத்தேன். நானும் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள்தான். ஆனால் நான் சந்தேகப்பட்டுவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்வேன். அவர் யாரிடமாவது போய்க் கேட்டுவிடுவார்.

காரணத்தைப் பிறகு சொன்னார், கார்த்திகை விளக்கு தேய்க்கும் நாளில். குத்துவிளக்கைத் தேய்க்கப் பார்த்தால் வீட்டில் புளி தீர்ந்திருந்தது. லிஃப்டில் சொன்னேனா, வாசலில் சொன்னேனா, நினைவில்லை. சாறு பிழிந்த சக்கையை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தார். அவர்கள் ஊரில் செம்புக் கெண்டியை இதில்தான் தேய்ப்பார்களாம். தரையில் என்னோடு உட்கார்ந்து தேய்த்தார். பித்தளை புதுத் தங்கம் மாதிரி ஆனது. இது யார் சொல் என்று கிண்டலாகக் கேட்டேன். அம்மா சொல், ஆனால் கண் பார்த்துவிட்டது, அதனால் கலாஸ் என்றார். தேய்த்துக்கொண்டே சொன்ன கதை இது.

அவர் சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கம் ஓர் அணு உலை வெடித்தது. காற்று எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் விஷம் விழுந்தது. அவர் ஊருக்கு அதிகம் வரவில்லை. அவருடைய சித்தி ஊரில் விழுந்திருந்தது. ஆனால் அங்கே பாசி அதே பச்சை, பழம் அதே சிவப்பு, வாசனையும் அதே வாசனை. சந்தையில் ஒரு மேஜையும் இயந்திரமும் வைத்தார்கள். பறித்த பழத்தை அங்கே காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், விற்க வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து சித்தி ஊரில் பறித்த மூட்டையைக் கொண்டுபோனார்கள். இந்தப் பழம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லிச் சொல்லியே அவர் அம்மா பிள்ளைகளை வளர்த்திருந்தார். இயந்திரம் கூடாது என்றது. அம்மா சந்தையிலேயே உட்கார்ந்து அழுதாராம். மூட்டையைக் குழியில் கொட்டச் சொன்னார்கள்.

"அம்மா பொய் சொல்லலை," என்றார் அக்கா, விளக்கின் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொண்டே. "அம்மாவுக்குத் தெரிஞ்சது பழைய பழம். இது புதுப் பழம். பார்த்தா ஒண்ணுதான். கேட்டாத்தான் தெரியும்."

அதற்கு அடுத்த வருடம் நவம்பரில் நான் ஒரு தப்பு செய்தேன். பாப்பாவுக்கு இரண்டு வயதாக மூன்று மாதம் இருந்தது, இன்னும் முழுதாகப் பால் மறக்கவில்லை. திங்கட்கிழமை காலை சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். கல்லூரியில் எத்தனையோ பேருடைய சிறுநீரிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, மறுநாள் முளைத்த புள்ளிகளைப் பார்த்துப் பெயர் எழுதியவள் நான். ஆனால் டாக்டரிடம் போனால் ஆன்டிபயாடிக் கொடுப்பார், அது பாலில் இறங்கி பாப்பாவுக்குப் போகும் என்று பயம். தவிர, பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கணவர் வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். நடுவாரத்தில் சொன்னால் சைட்டில் லீவு கேட்டு நிற்பார். திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"எல்லாம் சூடுடீ. நாள் முழுக்க ஏசியிலயே கெடந்தா வேற என்னவாம்? தொப்புள்ல வெளக்கெண்ணெ வையி. பெருவெரல்ல சுண்ணாம்பு தடவு."

சுண்ணாம்புக்கு முவைலாவில் எங்கே போவது? விளக்கெண்ணெய் வைத்தேன். பார்லித் தண்ணீர் குடித்தேன். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அக்கா அந்த வருட லீவிலிருந்து திரும்பியதும் எனக்கென்று ஒரு சின்ன ஜாடி பழம் தந்திருந்தார். குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள் என்று சொல்லித் தந்தது. அதில்தான் இறங்கினேன். வந்த பிறகு இது இல்லை என்று அவர் விரலை உயர்த்திச் சொன்னது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும், உதவலாம் என்று சொன்ன பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் காலை பத்து மணிக்கு ஷாஃப்டில் குரல் வந்தது. மூன்று நாளும் நான் தெம்பான குரலில் ஆ-ஊ சொன்னேன். பதிலில் பொய் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லித் தரவில்லை. சதுப்பில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை ஒரு பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். நான் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். முதுகு ஒரு பக்கம் குத்தி எடுத்தது, பல் தந்தியடித்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். இன்றுதான் என்றேன். அவர் என்னைத் தாண்டிச் சமையலறை மேடையைப் பார்த்தார். ஜாடியில் வெறும் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது.

"ஜாடி மூணு நாள்னு சொல்லுது," என்றார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தம் போடவில்லை. ஜாடியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். அவர் மொழியில் எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டே பாப்பாவுக்குச் செருப்பு மாட்டினார், இடது கால் வலது காலாக. டாக்ஸியில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா மலையாளி. நானாகவே தமிழில் பேசிவிட்டேன், அவருக்குப் புரிந்தது. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்து இருக்கிறது, கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பேனே என்றார். கேட்டிருந்தால். ஊசி ஏறும்போது அந்தச் சொல்லே திரும்பத் திரும்ப வந்தது.

வெளியே காத்திருக்கும் இடத்தில் பாப்பா அவர் மடியில் இருந்தாள். கழுத்திலிருந்த மணிக்கயிற்றைக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவரிடம் குழந்தையை விட்டிருக்கிறேனே, இவர் யார் என்று என் மனசு கேட்டது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்டது உண்மை. அன்று மாலை ஒரு மணப்பெண்ணுக்குக் கவுன் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று கடையிலிருந்து போன் மேல் போன் வந்தது. கடைசியில் கலாஸ் என்று சொல்லி அணைத்துவிட்டார்.

திரும்பும்போது டாக்ஸியில் சொன்னார். பன்னிரண்டு வயதில் பழம் பறிக்கும்போது அவர் கால் சதுப்பில் இறங்கியிருக்கிறது. கணுக்கால்தானே, இழுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிடவில்லை. முழங்கால் வரை போனது. இப்போது கூப்பிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று கூப்பிடவில்லை. இடுப்புக்கு வந்தபோது கத்த மூச்சு இல்லை. அவருடைய அக்கா வழக்கம் போல ஆ-ஊ சொல்லி, பதில் வராததால் ஓடி வந்து, கம்பை நீட்டி இழுத்திருக்கிறார். இழுத்த பிறகு கன்னத்தில் ஒரு அறையும் விட்டாராம்.

"கூப்பிடணும்னா இங்கே," என்று தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். "இங்கே இல்லை."

நான் தலையாட்டினேன். எனக்கு மனப்பாடம் நன்றாக வரும்.

அடுத்த ரமலானுக்கு முந்தைய வாரம் அது. ஷாஃப்டில் குரல் வரவில்லை. பத்து மணி தாண்டி, பதினொன்று ஆனது. பெருநாள் நெருங்குகிறது, கடையில் காலையிலேயே வரச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் வரவில்லை. பச்சைச் செருப்பு வாசலில்தான் கிடந்தது. வேறு செருப்பு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். மூன்றாம் நாள் குளியலறையில் ஜன்னலுக்குக் கீழே நின்று வாயைத் திறந்தேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் முதலில் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு மாடிக்கும் கேட்குமே என்று தோன்றியது. தூங்குகிறாரோ என்னவோ. ஊரிலிருந்து யாராவது வந்திருக்கலாம். என் மேல் ஏதாவது வருத்தமோ, போன வாரம் நான் சிரித்தது சரியில்லையோ. வாயை மூடிக்கொண்டேன். நான்காம் நாளும் அப்படியே நின்றேன்.

ஐந்தாம் நாள் அவர் கதவுக் கைப்பிடியில் பால் பாக்கெட்டுப் பை மாட்டியபடி கிடந்தது. உள்ளே பால் உப்பியிருந்தது. மணியை அடித்தேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். உதடு வெடித்து, கன்னம் உள்ளே போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்புத் தம்ளர், பாதி குடித்தபடி. ஐந்து நாளாகக் காய்ச்சல்.

"அக்கா, ஏன் கூப்பிடலை? நீங்கதானே சொன்னீங்க, கணுக்கால்லயே கூப்பிடணும்னு," என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று இப்போது தெரியும்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிண்டல் இல்லாத சிரிப்பு. அதனால்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

"குரல் மாஃபி," என்று தொண்டையைத் தொட்டார். "தினமும் ஜன்னல் கிட்ட போனேன். உட்கார்ந்தேன். நீ கூப்பிடுவேன்னு."

அதே கிளினிக்குக்கு, அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் தேறிவிட்டார். மறுபடியும் காலை பத்து மணிக்குக் குரல் வந்தது, முதல் சில நாள் கரகரப்பாக. அவர் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு நானே முதலில் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஒன்பதரைக்கே போய் ஜன்னலடியில் நிற்பேன். அவர் எப்போதும் என்னை முந்திக்கொள்வார். முந்தவிட்டேன் என்பதுதான் சரி.

ஜூலையில் நாங்கள் திருச்சிக்கு லீவில் போனோம். திரும்பி வந்தபோது 403 கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே இரண்டு பேர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கவுன் கடையை மூடிவிட்டார்களாம். விசா ரத்தானதும் பத்து நாளில் கிளம்பிவிட்டாராம். இதையெல்லாம் சொன்னவர் நாத்தூர். தன் அறை ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த ஒரு ஜாடியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். மேலே மிதக்கும் கொஞ்சம் பழம், கீழே தெளிவான தண்ணீர்.

"பெலாரஸ் மேடம் தியா," என்றார். அந்த மேடம் கொடுத்தார்.

அவருடைய உள்ளூர் எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று அரபியில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. ஊர் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. தேடிப் பார்க்கலாம் என்றால் பெயரே தெரியாது. அவர் மாதிரி ஒரு தடவை கூடுதலாகக் கேட்டிருந்தால் இரண்டும் என்னிடம் இருந்திருக்கும். ஜாடியை இன்னும் வைத்திருக்கிறேன். எப்போதாவது திறந்து முகர்ந்து பார்ப்பேன். கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா சொல்.

பாப்பா இப்போது கேஜி போகிறாள். காலை ஏழு மணிக்குப் பள்ளி பஸ் போய்விட்டால் மதியம் வரை வீட்டில் சத்தமே இல்லை. 403இல் ஒரு வருடம் யாரோ இருந்தார்கள், போய்விட்டார்கள். போன மாதம் புதிதாக ஒரு இளம் ஜோடி வந்தது. என்ன மொழி என்று தெரியவில்லை. லிஃப்டில் ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பெண்ணின் தோளில் துணியில் சுற்றிய குழந்தை, பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. நான் சிரித்தேன். அவள் சிரிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

மூன்று நாளாக முற்பகலில் அவர்கள் குளியலறைக் குழாய் திறந்தபடியே ஓடுகிறது. வாளி நிரம்புகிற சத்தம் இல்லை, குளிக்கிற சத்தமும் இல்லை. தண்ணீர் நேராகத் தரையில் விழுகிற சத்தம். முதல் நாள், துணி அலசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள், அவள் அம்மா கூட வந்திருப்பார், நமக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஜன்னலடியில் போய் நின்றேன். என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. பயந்துவிடுவாளோ, பைத்தியம் என்பாளோ, கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜன்னல் கொக்கியை விலக்கினேன். என் குரல் முதல் எழுத்திலேயே உடைந்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

"ஆ... ஊ."

அந்தப் பக்கம் குழாய் நின்றது.